செல் சவ்வின் மின்னழுத்தத்தைக் கையால் கணக்கிட்டு அறிவது எப்படி

செல்லின் உட்புறம் ஏன் எதிர்மின் தன்மையுடன் இருக்கிறது என்று கேட்டால், என்னிடம் உடலியங்கியல் படிக்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள்: சவ்வில் பதிந்துள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது, அதனால்தான் என்று. இதை முழுத் தவறு என்று அடித்துவிட முடியாது. ஆனால் சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே உள்ள எழுபது சொச்சம் மில்லிவோல்ட்டில் ஐந்தாறு மில்லிவோல்ட்டுக்குத்தான் அந்த விடை பொருந்தும். மீதி முழுவதும் பம்பு தள்ளுவதால் அல்ல, பொட்டாசியம் கசிவதால் பிறக்கிறது. பம்பு செய்வது, அந்தக் கசிவு ஓய்ந்துபோகாதபடி செறிவு வேறுபாட்டைக் காத்துத் தருவது. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் நிற்பதில்லை. தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் பிறகு மறந்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தேவையானவை ஒரு தாள், ஒரு பேனா, மடக்கை பார்க்கக்கூடிய ஒரு கணிப்பான். கைபேசியில் உள்ள கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் ‘லாக்’ விசை தெரியும். அருகிலேயே ‘எல்என்’ என்ற விசையும் இருக்கும். அது இயல் மடக்கை, நமக்கு வேண்டியது பத்தடிமான மடக்கை. இந்த இரண்டையும் மாற்றி அழுத்துவதுதான் என் வகுப்பில் அதிகம் நிகழும் பிழை. விடை −200-ஐத் தாண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த விசையைத்தான்.

முதலில் செறிவுகளை எழுதிக்கொள்ளுங்கள்

பாலூட்டியின் ஒரு நரம்பு செல்லை எடுத்துக்கொள்வோம். தாளை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘உள்ளே’ என்றும் வலப்பக்கம் ‘வெளியே’ என்றும் எழுதுங்கள். பொட்டாசியம் உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 15, வெளியே 145. குளோரைடு உள்ளே 8, வெளியே 110. உள்ளே இருக்கும் நேர்மின் அயனிகளுக்கு ஈடாகப் புரதங்களும் பாஸ்பேட்டுச் சேர்மங்களும் எதிர்மின்னூட்டத்துடன் இருக்கின்றன. வெளியே அந்த ஈட்டைக் குளோரைடும் பைகார்பனேட்டும் தருகின்றன.

இங்கேயே ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் திரவத்தைத் தனியாக எடுத்து எண்ணினால் நேர்மின்னூட்டங்களும் எதிர்மின்னூட்டங்களும் சமமாகவே இருக்கும். வெளியே உள்ள திரவத்திலும் அப்படித்தான். ‘உள்ளே புரதம் இருப்பதால் எதிர்மின் தன்மை’ என்ற விளக்கம் பல குறிப்பேடுகளில் காணப்படுகிறது. அந்தப் புரதத்தின் எதிர்மின்னூட்டத்தை அருகிலேயே இருக்கும் பொட்டாசியம் ஈடு செய்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்தால் அந்த விளக்கம் நிற்காது. மின்னழுத்தத்தை உண்டாக்கும் மிகை மின்னூட்டம் சவ்வின் இரு முகங்களையும் ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் மட்டுமே இருக்கிறது. அது எவ்வளவு என்பதைச் சற்றுப் பின்னர் எண்ணிப் பார்ப்போம்.

ஒரே ஓர் அயனிக்கு மட்டும் வழிவிடும் சவ்வு

இப்போது சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் வழி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1902-இல் ஜெர்மானிய உடலியங்கியலாளர் யூலியஸ் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த கருத்து இதுதான். உள்ளே 140, வெளியே 4 என்ற வேறுபாட்டால் பொட்டாசியம் வெளியே கசியத் தொடங்குகிறது. அது தன் நேர்மின்னூட்டத்தையும் உடன் எடுத்துச் செல்கிறது. அதற்கு ஈடாக இருந்த எதிர்மின் அயனிகளுக்குச் சவ்வில் வழி இல்லாததால் அவை உள்ளேயே நின்றுவிடுகின்றன. ஆகவே உட்புறம் சிறிது சிறிதாக எதிர்மின் தன்மை அடைகிறது. அந்த எதிர்மின் தன்மை வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. செறிவு வெளியே தள்ளும் விசையும் மின்னழுத்தம் உள்ளே இழுக்கும் விசையும் சமமாகும் இடத்தில், வெளியேறும் எண்ணிக்கையும் உள்நுழையும் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடமே பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வால்டர் நேர்ன்ஸ்ட் 1880-களின் இறுதியில் தந்த சமன்பாட்டை, உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியசுக்கு ஏற்பச் சுருக்கினால் இப்படி வரும்:

சமநிலை மின்னழுத்தம் (மில்லிவோல்ட்டில்) = 61.5 × மடக்கை (வெளிச்செறிவு ÷ உட்செறிவு)

61.5 என்ற எண் வாயு மாறிலி, தனி வெப்பநிலை, ஃபாரடே மாறிலி ஆகிய மூன்றிலிருந்தும் வருகிறது. வெப்பநிலை 20 டிகிரி என்றால் அது 58.2 ஆகிவிடும். பொட்டாசியத்துக்கு 4 ÷ 140 = 0.0286. அதன் மடக்கை −1.544. பெருக்கினால் −95 மில்லிவோல்ட். சோடியத்துக்கு 145 ÷ 15 = 9.67, மடக்கை 0.985, விடை +61. குளோரைடு எதிர்மின் அயனி என்பதால் வகுத்தலைத் தலைகீழாகப் போட வேண்டும்: 8 ÷ 110, மடக்கை −1.138, விடை −70. கால்சியம் இரட்டை மின்னூட்டம் உடையது என்பதால் 61.5-ஐப் பாதியாக்க வேண்டும். வெளியே கட்டற்ற கால்சியம் 1.2, உள்ளே 0.0001 என்று கொண்டால் +125-ஐ ஒட்டி வருகிறது.

குறி தவறாமல் இருக்க நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இது. விடை வந்த பிறகு, ‘இந்த அயனி தன் போக்கில் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது, அதைத் தடுத்து நிறுத்த உட்புறம் எந்தக் குறியுடன் இருக்க வேண்டும்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் வெளியே போகப் பார்க்கிறது. நேர்மின் அயனியை உள்ளே பிடித்து நிறுத்த உட்புறம் எதிர்மின்னாக இருக்க வேண்டும். விடையும் எதிர்க்குறியோடு இருந்தால் சரி.

எத்தனை அயனிகள் வெளியேறின?

இந்தக் கணக்கை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. பொட்டாசியம் கசிந்து கசிந்துதான் மின்னழுத்தம் உண்டானது என்றதும், ‘அப்படியானால் உள்ளே பொட்டாசியம் குறைந்துவிடாதா’ என்ற கேள்வி நியாயமாகவே எழும். எண்ணிப் பார்த்துவிடலாம்.

செல்லை 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொள்ளுங்கள். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 80,000-இல் ஒரு பங்கு. செல் சவ்வின் மின்தேக்குத்திறன் (ஒரு வோல்ட்டுக்கு அது பிரித்து வைக்கும் மின்னூட்டத்தின் அளவு) எந்த விலங்கு செல்லிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஃபேரட். ஆக நம் செல்லின் மின்தேக்குத்திறன் 12.6 பிக்கோஃபேரட். 70 மில்லிவோல்ட் உண்டாக, 12.6-ஐ 0.07-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 0.88 பிக்கோகூலூம் மின்னூட்டம் பிரிந்து நிற்க வேண்டும். ஓர் அயனியின் மின்னூட்டத்தால் இதை வகுத்தால் 55 லட்சம் அயனிகள். எண் பெரியதாகத்தான் தோன்றும். ஆனால் அதே செல்லின் கனஅளவில் லிட்டருக்கு 140 மில்லிமோல் வீதம் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் 35,000 கோடிக்கும் சற்று மேல். அதாவது 64,000 அயனிகளில் ஒன்றே ஒன்று வெளியேறினால் போதும், 70 மில்லிவோல்ட் வந்துவிடும். இந்த மாற்றத்தைச் செறிவாக அளந்து கண்டுபிடிக்க எந்த ஆய்வகக் கருவியாலும் இயலாது. முன்னர் சொன்ன ‘உள்ளேயும் வெளியேயும் மின்னூட்டம் சமம்’ என்பதும் ‘உட்புறம் −70’ என்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பது இப்போது விளங்கும்.

எழுபது மில்லிவோல்ட் சிறிய அளவு என்றும் நினைத்துவிட வேண்டாம். சவ்வின் எண்ணெய்ப் படலம் ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன் உடையது. 0.07 வோல்ட்டை அந்தத் தடிமனால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் என்ற மின்புலம் வருகிறது. காற்றில் ஒரு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் அளவிலேயே தீப்பொறி பறந்துவிடும். அந்த மின்புலத்துக்குள்தான் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் அனைத்தும் வாழ்கின்றன. சில மில்லிவோல்ட் மாறினாலே அவற்றில் சில திறப்பதும் மூடுவதும் இதனால்தான்.

பொட்டாசியத்துக்கு மட்டும் ஏன் வழி?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் சவ்வில் எப்போதும் திறந்திருக்கும் கசிவுக் கால்வாய்களில் (அயனிக்கு வழிவிடும் புரதத் துளைகளில்) மிகுதியானவை பொட்டாசியத்துக்கு உரியவை. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது; சிறியது நுழைய முடியாத இடத்தில் பெரியது எப்படி நுழைகிறது என்ற புதிருக்கு 1998-இல் ராடெரிக் மெக்கின்னன் குழுவினர் ஒரு பாக்டீரியப் பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டு விடை தந்தார்கள். நீரில் இருக்கும் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கால்வாயின் குறுகிய பகுதியில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் அந்த நீரைக் களைந்துவிட்டு நுழையும்போது நீர் இருந்த அதே தொலைவில் நின்று அதைத் தாங்கிக்கொள்கின்றன. சோடியம் அந்த இடத்துக்கு அளவில் போதாது. ஆக்சிஜன்களை அது எட்ட முடியாததால், நீரைக் களைவதற்கு ஆகும் ஆற்றல் அதற்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே அது நீருடனேயே வெளியில் நின்றுவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2003-இல் மெக்கின்னனுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சோடியத்தையும் கணக்கில் சேர்த்தல்

சவ்வு பொட்டாசியத்துக்கு மட்டுமே வழிவிட்டிருந்தால் நம் செல் −95-இல் நின்றிருக்க வேண்டும். நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகி அளந்தால் கிடைப்பதோ −65, −70 என்ற அளவு. சோடியமும் சிறிதளவு உள்ளே கசிவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பல அயனிகள் ஒரே நேரத்தில் கசியும்போது பயன்படும் சமன்பாட்டை 1943-இல் டேவிட் கோல்ட்மன் வகுத்தார். 1949-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்சும் கணவாயின் பெரு நரம்பிழையில் அதைப் பொருத்திக் காட்டினார்கள். முறை கடினமானதல்ல. ஒவ்வோர் அயனியின் செறிவையும் அதன் ஊடுதிறனால், அதாவது சவ்வு அதற்கு எவ்வளவு எளிதாக வழிவிடுகிறது என்ற அளவால் பெருக்கி, வெளிச்செறிவுகளை மேலேயும் உட்செறிவுகளைக் கீழேயும் கூட்டி வைத்து, மேலதைக் கீழதால் வகுத்து மடக்கை எடுக்க வேண்டும். குளோரைடை மட்டும் இடம் மாற்றி, உட்செறிவை மேலேயும் வெளிச்செறிவைக் கீழேயும் வைக்க வேண்டும்.

பொட்டாசியத்தின் ஊடுதிறனை 1 என்று வைத்து, சோடியத்தின் ஊடுதிறன் 0.04 என்று கொள்வோம். இப்போதைக்குக் குளோரைடை விட்டுவிடலாம். நம் செல்லில் அதன் சமநிலை −70 என்பதால் அது விடையை எந்தப் பக்கமும் பெரிதாக இழுக்காது. மேலே: 4 + (0.04 × 145) = 9.8. கீழே: 140 + (0.04 × 15) = 140.6. வகுத்தால் 0.0697, மடக்கை −1.157, 61.5-ஆல் பெருக்க −71 மில்லிவோல்ட். பொட்டாசியத்தில் நூற்றில் நான்கு பங்கு வழி கிடைத்ததுமே சோடியம் −95-ஐ −71 வரை இழுத்துவிட்டது.

அடுத்ததாக, கணவாயின் நரம்பிழைக்கான எண்களையும் போட்டுப் பாருங்கள். உண்மையில் அளந்த செல்லுடன் ஒப்பிட்டால்தான் முறையில் நம்பிக்கை வரும். பொட்டாசியம் உள்ளே 400, வெளியே 20. சோடியம் உள்ளே 50, வெளியே 440. குளோரைடு உள்ளே 52, வெளியே 560. ஊடுதிறன் விகிதம் ஹாட்ஜ்கினும் காட்சும் தந்தபடி 1 : 0.04 : 0.45. கடல் உயிரி என்பதால் 20 டிகிரிக்கு உரிய 58.2-ஐப் பயன்படுத்த வேண்டும். மேலே 20 + 17.6 + 23.4 = 61. கீழே 400 + 2 + 252 = 654. விடை −60 மில்லிவோல்ட். அந்த நரம்பிழையில் அளந்து பெற்ற மதிப்புகளும் இதை ஒட்டியே இருக்கின்றன.

இனி எண்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் பாலூட்டி செல்லில் வெளிச் சோடியத்தை 145-இலிருந்து 120-க்குக் குறைத்தால் விடை −71-இலிருந்து −74 ஆகிறது. 25 மில்லிமோல் குறைந்தும் 3 மில்லிவோல்ட்தான் மாறியது. பிறகு சோடியத்தைப் பழையபடி வைத்துவிட்டு, வெளிப் பொட்டாசியத்தை 4-இலிருந்து 8 ஆக்குங்கள். நான்கே மில்லிமோல் கூடியது. விடை −62-க்கு ஏறிவிடுகிறது. உடல் ஏன் குருதியின் பொட்டாசியத்தை 3.5-க்கும் 5-க்கும் இடையில் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை இந்த இரண்டு வரிகள் சொல்லிவிடும். கடைசியாக, செறிவு எதையும் தொடாமல் சோடியத்தின் ஊடுதிறனை மட்டும் 20 ஆக்குங்கள். மேலே 2,904, கீழே 440, விடை +50. நரம்பு செய்தி அனுப்பும்போது எழும் மின்துடிப்பின் உச்சியில் நடப்பது இதுவே. பெர்ன்ஸ்டைனின் கருத்துப்படி துடிப்பின்போது மின்னழுத்தம் பூச்சியத்தை எட்டினால் போதும். 1939-இல் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் பிளிமத் நகரத்துக் கடல் ஆய்வகத்தில் கணவாயின் நரம்பிழைக்குள் மின்முனையைச் செருகி அளந்தபோது அது பூச்சியத்தைத் தாண்டி நேர்மின் பக்கம் போனது. எப்படி என்பதற்கான விடை நீங்கள் இப்போது போட்ட +50-இல் இருக்கிறது.

ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிவிடுகிறேன். சில நூல்களில் கோல்ட்மன் சமன்பாட்டுக்குப் பதிலாக, ஒவ்வோர் அயனியின் சமநிலை மின்னழுத்தத்தையும் அதன் கடத்துதிறனால் பெருக்கிச் சராசரி எடுக்கும் எளிய முறை இருக்கும். அதில் ஊடுதிறன் விகிதமான 0.04-ஐ அப்படியே கொண்டுபோய்ப் போட்டால் −89 என்று வரும். கணக்கில் தவறே இல்லையே என்று மாணவர்கள் திகைத்துப்போவார்கள். ஊடுதிறன் வேறு, கடத்துதிறன் வேறு. கடத்துதிறன், வழி எவ்வளவு அகலம் என்பதை மட்டுமல்லாமல், அந்த வழியில் செல்ல அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. வெளியே சோடியம் நிறைந்திருப்பதால், 0.04 ஊடுதிறனிலேயே அதன் கடத்துதிறன் பொட்டாசியத்தினுடையதில் 0.18 பங்கு ஆகிவிடுகிறது. 0.18-ஐப் போட்டால் −71 சரியாக வந்துவிடும்.

பம்பின் பங்கை அளத்தல்

−71-இல் செல் நிற்கிறது என்றாலும் அது சமநிலை அல்ல. பொட்டாசியம் −95-ஐ நோக்கி வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. சோடியம் +61-ஐ நோக்கி உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு கசிவுகளும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் மின்னழுத்தம் அசையாமல் நிற்கிறதே தவிர, செறிவுகள் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கின்றன. அதைத் திருப்பி ஏற்றி வைப்பதுதான் பம்பு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் நரம்பிலிருந்து இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

பம்பு என்ன செய்கிறது என்பதை நான் உண்மையாக உணர்ந்தது நூலில் படித்து அல்ல. ஆய்வக உதவியாளராகப் பயிற்சியில் இருந்த நாள்களில், மாலையில் வந்த ஒரு குருதிக் குழாயைச் சீரம் பிரிக்காமல் அப்படியே குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் பிரித்து அளந்தபோது பொட்டாசியம் 7-ஐத் தாண்டிக் காட்டியது. அந்த அளவு உண்மையானால் நோயாளியின் இதயம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். சிவப்பணுக்கள் உடைந்து கலந்திருக்கும் என்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்திருந்தால் சீரம் சிவந்திருக்க வேண்டும். அதுவோ தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருந்தது. மூத்த உதவியாளர் குழாயைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்த்து, அதன் குளிர்ச்சியை உணர்ந்ததுமே, புதிதாகக் குருதி எடுத்துவரச் சொன்னார். புதிய குழாயில் பொட்டாசியம் 4.3.

நடந்தது இதுதான். பம்பு, செல்லின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து இயங்கும் ஒரு நொதி. குளிரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். கசிவு, அயனி தன் போக்கில் நகர்வது மட்டுமே என்பதால் குளிரில் அந்த அளவுக்குக் குறையாது. இரவு முழுவதும் கசிவு நடந்தது, திருப்பி ஏற்ற ஆள் இல்லை. சிவப்பணு ஒன்றுகூட உடையாமலே பொட்டாசியம் வெளியே வந்து சேர்ந்துவிட்டது. குருதி வங்கியில் வாரக்கணக்கில் குளிரில் இருக்கும் குருதிப் பையிலும் இதே காரணத்தால்தான் வெளிப் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகிறது. குளிரில் இருந்த சிவப்பணுக்களை குளுக்கோசுடன் 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால், இழந்த பொட்டாசியத்தை அவை மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்வதை 1941-இலேயே ஹாரிஸ் என்பவர் காட்டியிருக்கிறார்.

இனி பம்பு நேரடியாகத் தரும் மில்லிவோல்ட்டைக் கணக்கிடலாம். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. நிகரமாக ஒரு நேர்மின்னூட்டம் வெளியேறுகிறது. இதைக் கோல்ட்மன் சமன்பாட்டில் சேர்க்கும் எளிய வழியை 1963-இல் மல்லின்சும் நோடாவும் தந்தார்கள்: பொட்டாசியத்தின் இரண்டு உறுப்புகளையும் 3 ÷ 2, அதாவது 1.5-ஆல் பெருக்கிவிட வேண்டும். மேலே 6 + 5.8 = 11.8. கீழே 210 + 0.6 = 210.6. வகுத்து மடக்கை எடுத்துப் பெருக்கினால் −77. பம்பு இல்லாத கணக்கில் −71, பம்பைச் சேர்த்தால் −77. அது நேரடியாகத் தருவது ஆறு மில்லிவோல்ட். பம்பைத் தடுக்கும் ஊவாபயின் என்ற நஞ்சைச் சேர்த்தால், ஒரு பெரிய நரம்பு செல்லின் மின்னழுத்தம் உடனே சரிந்து விழாமல், சில மில்லிவோல்ட் குறைந்துவிட்டுப் பிறகு செறிவுகள் கரையக் கரைய மெதுவாக இறங்குவதன் காரணம் இந்த ஆறுதான்.

இந்த வேலைக்கு ஒரு ஏடிபி போதுமா என்று சரிபார்ப்பதும் எளிது. −71-இல் இருக்கும் செல்லிலிருந்து ஒரு மோல் சோடியத்தை வெளியேற்ற, +61 வரையுள்ள 132 மில்லிவோல்ட் மேட்டை ஏற வேண்டும். ஃபாரடே மாறிலியான 96,485-ஆல் பெருக்கினால் 12.7 கிலோஜூல். மூன்றுக்கு 38. பொட்டாசியத்தின் மேடு 24 மில்லிவோல்ட்தான். இரண்டுக்குச் சேர்த்து 4.6. மொத்தம் ஏறத்தாழ 43 கிலோஜூல். செல்லுக்குள் ஏடிபி தரக்கூடியது 50-ஐச் சற்றே தாண்டும். ஆகவே போதும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. இந்தச் செலவு ஒரு நொடிகூட ஓயாமல் தொடர்வதால்தான், உடல் அசையாமல் படுத்திருக்கும்போதும் உண்ட உணவின் ஆற்றலில் கணிசமான பகுதி இந்த ஒரு பம்புக்குப் போகிறது. மூளையில் ஆற்றல் செலவின் ஏறத்தாழ பாதி இதற்கே ஆகிறது.

பம்புக்கு இன்னொரு பணியும் உண்டு. மின்னழுத்தத்தைவிட அது முந்தையது என்றுகூடச் சொல்வேன். வெளியேற முடியாத புரதங்கள் உள்ளே இருப்பதால் செல் எப்போதும் நீரை உறிஞ்சி வீங்கப் பார்க்கிறது. சோடியத்தை ஓயாமல் வெளியேற்றி அந்த வீக்கத்தைத் தடுப்பதும் பம்புதான். குருதியோட்டம் நின்ற மூளைப் பகுதி சில நிமிடங்களில் மின்னழுத்தத்தை இழப்பதோடு வீங்கவும் செய்வது இந்த இரண்டு பணிகளும் ஒன்றாக நின்றுபோவதால்தான்.

படுக்கையருகே இதே கணக்கு

சிறுநீரகம் பழுதான நோயாளியிடம் ‘இளநீர் குடிக்காதீர்கள்’ என்று சொன்னால், உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று வீட்டார் வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இளநீரில் பொட்டாசியம் குருதியில் இருப்பதைப்போல் பல மடங்கு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; பழுதான சிறுநீரகத்தால் முடியாது. வெளிப் பொட்டாசியம் 8 ஆனால் மின்னழுத்தம் −62-க்கு ஏறும் என்று நாம் போட்ட கணக்கு அவர்களுக்கு உண்மையாகிவிடும். மின்னழுத்தம் தூண்டல் எல்லைக்கு, அதாவது துடிப்பு தொடங்கும் அளவுக்கு, அருகில் வந்தால் செல் எளிதாகத் துடிக்கத்தானே வேண்டும், ஏன் தசை தளர்ந்து இதயத் துடிப்பு மந்தமாகிறது என்று கேட்கலாம். சவ்வு நெடுநேரம் பூச்சியத்தின் பக்கம் சாய்ந்தே இருந்தால் சோடியக் கால்வாய்கள் பூட்டிக்கொண்டு, மீண்டும் திறக்க மறுக்கின்றன.

மருத்துவமனையில் முதலில் தரப்படும் கால்சியம் குளுக்கோனேட் குருதியின் பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காது. தூண்டல் எல்லையைத் தள்ளி வைத்து இதயத்துக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. பிறகு தரும் இன்சுலினும் குளுக்கோசும்தான் பம்பை முடுக்கிப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் அனுப்புகின்றன. இன்சுலின் பம்பை முடுக்கும். குளுக்கோஸ், இன்சுலினால் குருதிச் சர்க்கரை விழுந்துவிடாமல் காக்கும்.

கணக்கு பொருந்தாத செல்கள்

எந்தச் செல்லை எடுத்தாலும் இந்த முறையைப் போட்டுப் பாருங்கள். எலும்புத்தசை செல் −90-ஐ ஒட்டி நிற்கும். சோடியத்தின் வழி அங்கு இன்னும் குறுகலானது. சிவப்பணு −10 அளவில்தான் இருக்கும். அங்குக் குளோரைடின் வழி மற்ற எல்லாவற்றையும்விட மிக அகலமானது என்பதால் அது குளோரைடின் சமநிலையில் போய் நிற்கிறது. இவை இரண்டும் வெறும் கசிவால் விளங்கிவிடுகின்றன.

ஆனால் தாவர செல்லில் மின்முனையைச் செருகினால் −150, சில இடங்களில் அதற்கும் கீழே கிடைக்கிறது. உள்ளே பொட்டாசியம் 100, வெளியே 1 என்று தாராளமாக வைத்தாலும், 25 டிகிரியில் அதன் சமநிலை −118-ஐத் தாண்டாது. இங்கே ஒரு விதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோல்ட்மன் சமன்பாடு தரும் விடை, கசியும் அயனிகளின் சமநிலை மதிப்புகளுக்கு இடையில்தான் விழ முடியும், எவ்வளவு ஊடுதிறனை மாற்றினாலும் அந்த எல்லைக்கு வெளியே போகாது. அளந்த மதிப்பு எல்லைக்கு வெளியே இருந்தால், கசிவு அல்லாத ஒன்று மின்னூட்டத்தை நேரடியாகத் தள்ளுகிறது என்று பொருள். தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் அது ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் பம்பு. 1965-இல் கிளிஃபர்ட் ஸ்லேமன் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையின் இழையில் −200 அளவைக் கண்டு, பம்புக்கு ஏடிபி கிடைக்காதபடி சுவாசத்தை நிறுத்தும் நஞ்சைச் செலுத்திப் பார்த்தார். விலங்கு நரம்பு செல்லில் பம்பு நின்றால் முதலில் விழுவது நாம் கணக்கிட்ட ஆறு மில்லிவோல்ட்; அந்தப் பூஞ்சை இழையிலோ மின்னழுத்தத்தின் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் சரிந்துவிட்டது.